குதிரைத்திறன் கடைசியில்: வீட்டில் ஆஃப்ரோடு வண்டி கட்ட நினைப்பவர்களுக்கு

ஒவ்வொரு பேட்ச்சிலும் நாலு பேராவது இந்தக் கனவோடு இருப்பார்கள். ஊரில் மாமா வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஜீப் கிடக்கும். "அதுல ஒரு பெரிய டீசல் எஞ்சினைத் தூக்கி வெச்சு, பெரிய டயர் மாட்டினா மலையே ஏறும் மாப்ள" என்று ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்குப் பேச்சு ஓடும். நீங்கள் அந்த நாலு பேரில் ஒருவர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மெக்கானிக்கல் இல்லையென்றாலும் பரவாயில்லை. பிளஸ் டூ பிசிக்ஸ் போதும்.

முதலில் ஒரு கேள்வி. மழைக்காலத்தில் நம்ம சேலம், நாமக்கல் பக்கம் காட்டுக்குள் போன லாரி சேற்றில் சிக்கிக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறோம்? டிராக்டரை. லாரியின் எஞ்சின் 150 ஹெச்.பி.க்கு மேல் இருக்கும். டிராக்டர் 45 ஹெச்.பி. மூன்று மடங்கு பலமுள்ளது மாட்டிக்கிட்டு நிற்குது, சின்னது வந்து இழுத்துட்டுப் போகுது. எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஆஃப்ரோடு வண்டியில் பாதி தெரிந்த மாதிரி. டிராக்டரிடம் மூன்று விஷயம் இருக்கிறது. மண்ணைக் கடிக்கிற டயர், அந்த டயர் மேல் உட்கார்ந்திருக்கிற எடை, ரொம்பக் குறைந்த கியர். எஞ்சின் நாலாவதுதான். அதனால் நாமும் வண்டியை டயரிலிருந்து ஆரம்பித்து எஞ்சினில் முடிப்போம். பெரும்பாலான வீட்டு பில்டுகள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பாதியில் நின்றுபோகின்றன.

1. ஒரு பழைய ஜீப்பின் கணக்கு

உதாரணத்துக்கு இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் எம்.பி. ஜீப்பை எடுத்துக்கொள்வோம். நம்ம நாட்டில் மஹிந்திரா கம்பெனி 1947-ல் அசெம்பிள் பண்ண ஆரம்பித்ததும் வில்லிஸ் ஜீப்தான். இன்றைய தார் வரைக்கும் அந்தப் பரம்பரை நீள்கிறது.

வில்லிஸ் எம்.பி.யின் எண்கள் இவை. எஞ்சின் 2.2 லிட்டர் பெட்ரோல், 60 ஹெச்.பி. டார்க் 2,000 ஆர்.பி.எம்.மில் சுமார் 142 நியூட்டன் மீட்டர். முதல் கியர் ரேஷியோ 2.66. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் 1.97. ஆக்ஸிலில் கிரவுன் பினியன் ரேஷியோ 4.88. வண்டி எடை சுமார் 1,110 கிலோ. டயரின் ஆரம் 0.36 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று ரேஷியோவையும் பெருக்குங்கள்: 2.66 × 1.97 × 4.88 = 25.6. இதற்குப் பெயர் கிராவ்ல் ரேஷியோ. எஞ்சின் 25.6 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் அத்தனை மடங்கு குறைகிறது, டார்க் அத்தனை மடங்கு கூடுகிறது.

142 × 25.6 = 3,635 நியூட்டன் மீட்டர். கியர், பேரிங், ஜாயிண்ட் எல்லாம் கொஞ்சம் தின்னும். 85 சதவீதம்தான் சக்கரத்துக்கு வருகிறது என்று எடுத்துக்கொண்டால் 3,090. இதை டயரின் ஆரத்தால் வகுத்தால் மண்ணைத் தள்ளும் விசை கிடைக்கும்: 3,090 ÷ 0.36 = சுமார் 8,580 நியூட்டன்.

இப்போது ஆளும் சாமானும் ஏற்றி 1,400 கிலோ ஆக்குவோம். எடை 13,734 நியூட்டன். 30 டிகிரி மேடு ஏறணும். 30 டிகிரி என்று வாயால் சொல்வது சுலபம். பைக்கில்கூட அந்த மேட்டைப் பார்த்தால் நின்று யோசிப்பீர்கள். சைன் 30 என்பது 0.5. ஆக மேட்டுக்கு மட்டும் 6,867 நியூட்டன். மண்ணில் டயர் உருள்வதற்கான தடைக்கு 0.08 என்று ஒரு கெழு எடுத்தால் இன்னும் 950 சேரும். மொத்தம் தேவை சுமார் 7,820 நியூட்டன்.

கையில் இருப்பது 8,580. தேவை 7,820. கணக்குப்படி 60 ஹெச்.பி. ஜீப் ஏறிவிடும்.

2. எஞ்சினை இரட்டிப்பாக்கினால்?

சரி, அதே ஜீப்பில் 284 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள எஞ்சினை வைக்கிறோம். சக்கரத்தில் விசை 17,160 ஆகிவிடும். இரண்டு மடங்கு மேடு ஏறுமா?

ஏறாது. மண் எவ்வளவு பிடிக்கும் என்பதை நாம் இன்னும் கேட்கவே இல்லை. காய்ந்து இறுகிய மண்ணில் டயரின் பிடிப்புக் கெழு 0.7 என்று வையுங்கள். 30 டிகிரி சரிவில் மண்ணை அழுத்தும் எடை 13,734 × 0.866 = 11,894 நியூட்டன். நாலு சக்கரமும் சேர்ந்து மண்ணைப் பிடிக்கக்கூடிய அதிகபட்ச விசை 11,894 × 0.7 = சுமார் 8,330 நியூட்டன்.

இந்த எண்ணை நன்றாகப் பாருங்கள். பழைய 60 ஹெச்.பி. எஞ்சினே 8,580 கொடுக்கிறது. அதாவது மண் தாங்குவதைவிட எஞ்சின் ஏற்கனவே கொஞ்சம் அதிகமாகவே கொடுக்கிறது! இதற்கு மேல் நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு நியூட்டனும் டயரைச் சுழற்றிப் புழுதி கிளப்பத்தான் பயன்படும். அதே மண் மழையில் நனைந்து கெழு 0.3-க்கு இறங்கினால் 200 ஹெச்.பி. வைத்திருந்தாலும் அந்த மேடு ஏறாது. சேற்றில் நின்ற லாரியின் கதை இதுதான்.

இன்னொரு வேடிக்கை. எஞ்சினைத் தொடாமல், பந்தாவுக்காக 0.45 மீட்டர் ஆரமுள்ள பெரிய டயர் மட்டும் மாட்டுகிறீர்கள். விசை என்ன ஆகும்? 3,090 ÷ 0.45 = 6,867. தேவை 7,820. முன்பு ஏறிய மேட்டில் இப்போது வண்டி நின்றுவிடும். பெரிய டயர் போட்டதும் "எஞ்சின் பத்தலை" என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். பத்தாதது எஞ்சின் இல்லை, கியர்.

இதைச் சரிசெய்யும் வழியை ஜீப் கம்பெனியே காட்டியிருக்கிறது. போர் முடியும் நேரத்தில், 1945-ல், விவசாயிகளுக்காக சி.ஜே. 2ஏ என்ற ஜீப்பை விட்டார்கள். ஏர் பூட்டணும், பாரம் இழுக்கணும். எஞ்சின் அதே 60 ஹெச்.பி.தான். கியரை மட்டும் மாற்றினார்கள். முதல் கியர் சுமார் 2.8, லோ சுமார் 2.46, ஆக்ஸில் 5.38. பெருக்கினால் 37. கிராவ்ல் ரேஷியோ 25.6-லிருந்து 37-க்குப் போனது. எஞ்சினில் ஒரு ஹெச்.பி.கூடக் கூட்டாமல், சக்கரத்தில் 45 சதவீதம் டார்க் கூடிவிட்டது.

3. அப்போ ஹெச்.பி. எதுக்குத்தான்?

பவர் என்பது விசை பெருக்கல் வேகம். அந்த 30 டிகிரி மேட்டை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஆள் நடக்கிற வேகத்தில் ஏறுவதற்கு எவ்வளவு பவர் வேண்டும்? 7,820 நியூட்டன் × வினாடிக்கு 1.11 மீட்டர் = 8.7 கிலோவாட். கியர் இழப்பைச் சேர்த்தால் சுமார் 14 ஹெச்.பி. ஒரு நல்ல பைக் எஞ்சினின் பவர். சரியான கியர் இருந்தால் அது போதும்.

மணலில் வேகமாகப் போக வேண்டும் என்றால் கதை வேறு. மணல் டயரை விழுங்கும், உருள் தடை 0.2-க்குப் போகும். சமதரையிலேயே 2,747 நியூட்டன் வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டரில் 24 ஹெச்.பி. போதும். 80 கிலோமீட்டரில் 96 ஹெச்.பி. தேவை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஜான்சன் வேலியில் 2007 முதல் நடக்கும் கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் பந்தய வண்டிகளில் பெரிய வி8 எஞ்சின்களைப் பார்ப்பது இதனால்தான். ஒரே பந்தயத்தில் பாலைவனத்தில் பறக்கணும், பாறையிலும் தவழணும்.

நீங்கள் பாலைவனத்தில் பறக்கப் போகிறீர்களா? இல்லையென்றால் உங்கள் பணம் கியரிலும் டயரிலும் இருக்க வேண்டும். நம்ம நாட்டு ஆஃப்ரோடு ஆட்கள் மாருதி ஜிப்ஸியை இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். 1985-ல் வந்தபோது அதன் எஞ்சின் 970 சி.சி., 45 ஹெச்.பி. பிறகு வந்த 1.3 லிட்டர் ஜிப்ஸியிலும் 80 ஹெச்.பி.தான். அதன் பலம் எஞ்சினில் இல்லை. ஒரு டன்னுக்குப் பக்கத்தில் நிற்கும் எடையில் இருக்கிறது.

4. சும்மா கிடைக்கும் ரெண்டு மேம்பாடு

முதலாவது காத்து. டயர் மண்ணைத் தொடும் பரப்பு, தோராயமாக அதன் மேல் உள்ள எடையை டயர் அழுத்தத்தால் வகுத்தால் வரும். ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ, அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 166 சதுர சென்டிமீட்டர். காத்தை 15-க்கு இறக்கினால் 332. பரப்பு இரட்டிப்பாகிறது, டயர் மணலில் புதைவது குறைகிறது. செலவு பூஜ்யம். ஆனால் தார் ரோட்டுக்கு ஏறும் முன் திரும்பக் காத்து அடித்தே ஆகணும். குறைந்த காத்தோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடாகிக் கிழியும், வளைவில் ரிம்மிலிருந்து கழன்றும் போகலாம். அதனால் ஒரு சின்ன ஏர் கம்ப்ரெசர் இல்லாமல் காத்தைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது, டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்கைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் காத்தில் தொங்கினால் அதைச் சுற்றக் கிட்டத்தட்ட எதுவுமே வேண்டாம். ஆக மண்ணில் இருக்கும் அடுத்த சக்கரத்துக்கும் அதே "எதுவுமே இல்லை"தான் போகும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில்கூட முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தொங்கினால் முடிந்தது கதை. லாக்கர் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். பிடிப்பு உள்ள சக்கரம் முழு வேலையையும் எடுத்துக்கொள்ளும். 50 ஹெச்.பி. கூட்டுவதைவிட ஒரு லாக்கர் அதிக இடங்களிலிருந்து உங்களை வெளியே கொண்டுவரும். அந்த "முழு வேலை"யைத் தாங்கும் ஆக்ஸில் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

5. எது உடையும்?

லாக்கர் போட்ட வண்டி பாறை மேல் ஏறுகிறது. வண்டியின் பாதி எடை, சுமார் 7,000 நியூட்டன், ஒரே சக்கரத்தின் மேல் நிற்கிறது. பாறையில் பிடிப்புக் கெழு 0.8. ஆக்ஸில் ஷாஃப்ட்டில் வரும் டார்க் 7,000 × 0.8 × 0.36 = 2,016 நியூட்டன் மீட்டர்.

ஷாஃப்ட் முறுக்கு அழுத்தச் சூத்திரம் செகண்ட் இயரில் படித்ததுதான்: 16 பெருக்கல் டார்க், வகுத்தல் பை பெருக்கல் விட்டத்தின் கனம். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட் என்றால் 380 மெகா பாஸ்கல். டயரை 0.45 ஆரத்துக்கு மாற்றினால் 475. இது வண்டி மெதுவாக, நிதானமாக நகரும்போது. சுழலும் சக்கரம் திடீரென்று பாறையைக் கடித்தால் அந்த அதிர்ச்சியில் இதைப் போல ரெண்டு மடங்கு வரலாம்.

இப்போது மெட்டீரியலைப் பாருங்கள். ஈ.என். 8 ராடு, நார்மலைஸ் செய்த நிலையில், சுமார் 280 மெகா பாஸ்கலில் நெகிழ ஆரம்பிக்கும். முறுக்கில் அதன் 0.577 மடங்கு, அதாவது சுமார் 160 தான். கடையில் ராடு வாங்கி, லேத்தில் கடைந்து, ஸ்ப்லைன் வெட்டி, ஹீட் ட்ரீட்மெண்ட் இல்லாமல் மாட்டினால் அந்த ஷாஃப்ட் முதல் பாறையிலேயே முறுக்கு மிட்டாய் மாதிரி திரும்பிவிடும். ஹீட் ட்ரீட்மெண்ட் செய்த ஈ.என். 24 சுமார் 650-ல் நெகிழும், முறுக்கில் 375. அதுவும் 475-க்குப் பத்தாது. விட்டத்தை 30-லிருந்து 33 மில்லிமீட்டர் ஆக்குங்கள். அழுத்தம் 357-க்கு இறங்குகிறது. மூன்றே மில்லிமீட்டரில் 33 சதவீதம் பலம் கூடியிருக்கிறது, ஏனென்றால் விட்டத்தின் கனம். அப்போதும் அதிர்ச்சிக்கு என்று மிச்சம் எதுவும் இல்லை. லாக்கர், பெரிய டயர் இரண்டையும் ஒன்றாகப் போடுபவர்கள் ஆக்ஸிலையே பெரிதாக மாற்றுவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் எஞ்சின் ஹெச்.பி. எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? ஆக்ஸிலுக்கு வரும் டார்க்கை டயரும் எடையும் பிடிப்பும் தீர்மானிக்கின்றன. எஞ்சின் பெரிதானால் அந்த எல்லையை அடிக்கடி தொடுவீர்கள், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரித் தொழில் என்று நம்மைச் சுற்றி ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பே இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் ஓடாத மாநிலம் குறைவு. ரோடே இல்லாத காட்டுக்குள் பத்து சக்கர லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, துளை போட்டுவிட்டுத் திரும்பும் ஆட்கள் அவர்கள். லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு பட்டறையில் நாலு நாள் நின்று பாருங்கள். எந்த ஜாயிண்ட் முதலில் போகிறது, எந்த இடத்தில் சேஸிஸ் விரிசல் விடுகிறது, பட்டை எங்கே ஒடிகிறது என்று கேளுங்கள். "அண்ணா, இது ஏன் இங்க மட்டும் ஒடியுது?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலை, நம்ம ஸ்ட்ரெஸ் கான்சென்ட்ரேஷன் சாப்டரோடு பொருத்திப் பாருங்கள். ரெண்டும் ஒன்றாகவே இருக்கும்.

6. நிற்பதும் சாய்வதும்

வண்டி போவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். நிற்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டயரின் ஆரம் 0.36-லிருந்து 0.45 ஆனால், அதே தூரத்தில் நிற்க 25 சதவீதம் அதிக பிரேக் டார்க் வேண்டும். பழைய டிரம் பிரேக் அதே தான். காலால் இன்னும் அழுத்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இறக்கத்தில் டிரம் சூடானால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. அதனால் டயர் பட்ஜெட்டோடு பிரேக் பட்ஜெட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது உயரம். வண்டி சாய்வதைத் தீர்மானிக்கும் ஒரே எளிய எண்: இரண்டு சக்கரத்துக்கு இடையிலான அகலத்தில் பாதி, வகுத்தல் ஈர்ப்பு மையத்தின் உயரம். பழைய ஜீப்பின் அகலம் 1.24 மீட்டர், பாதி 0.62. ஈர்ப்பு மையம் 0.65 மீட்டர் உயரத்தில் என்று வைத்தால் 0.95 வருகிறது. பக்கவாட்டுச் சரிவில் சுமார் 43 டிகிரி வரை தாங்கும். லிஃப்ட் கிட், பெரிய டயர் எல்லாம் சேர்ந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது 0.775. தாங்கும் சரிவு 38 டிகிரிக்கு இறங்கிவிட்டது.

ஆபத்து மலையில் மட்டும் இல்லை, தார் ரோட்டிலும் இருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் டயரின் பிடிப்பு 0.8-க்கு மேல். 0.95 உள்ள வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினால் முதலில் சறுக்கும், உங்களுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கும். 0.775 உள்ள வண்டி சறுக்குவதற்கு முன்னாலேயே கவிழும். எச்சரிக்கையே கிடையாது. சஸ்பென்ஷன் சாய்வதைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். உயர்த்தினால் அகலத்தையும் கூட்டணும். ஸ்பேர் வீல், ஜெர்ரி கேன் எல்லாவற்றையும் மேலே ஏற்றாமல் கீழே வைக்கணும்.

7. கூண்டு

கவிழும் வாய்ப்பு உள்ள வண்டிக்கு ரோல் கேஜ் கட்டாயம். இதற்கு நல்ல பாடப்புத்தகம் பாஜா போட்டியின் விதிகள். 1976-ல் அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த போட்டி இது. இந்தியாவில் 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கியது. அங்கே பெட்ரோல் பிரிவில் எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி 10 ஹெச்.பி. எஞ்சின். ஒரே எஞ்சினை வைத்துக்கொண்டு ஒரு டீம் ஜெயிக்கிறது, ஒரு டீம் நாலு மணி நேர எண்டியூரன்ஸில் பாதியில் நிற்கிறது. வித்தியாசம் எடை, கியர், சஸ்பென்ஷன், வெல்டிங் எல்லாவற்றிலும் இருக்கிறது, எஞ்சினில் மட்டும் இல்லை.

அந்த விதிப்படி முக்கியக் குழாய் 25.4 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன், குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் உள்ள ஸ்டீல். அல்லது அதற்குச் சமமான வளைவு உறுதியும் விறைப்பும் உள்ள வேறு குழாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். 31.75 மில்லிமீட்டர் விட்டம், 1.6 தடிமன் உள்ள குழாய், முதல் குழாயைவிட 28 சதவீதம் அதிக விறைப்பு, ஆனால் 28 சதவீதம் குறைந்த எடை. உலோகம் மையத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகப் பலம் கூடும் என்று படித்தது இங்கேதான் காசாகிறது. ஒன்று நினைவில் வையுங்கள். இந்த அளவு ஒரு ஆள் உட்காரும் சின்ன வண்டிக்கு. 1,400 கிலோ வண்டிக்கு இது பத்தாது, அதன் எடைக்கு ஏற்பத் தனியாகக் கணக்குப் போடணும்.

விலை குறைவு என்று தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பில் கூண்டு கட்ட வேண்டாம். அதன் கார்பன் எவ்வளவு என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரமாட்டார்கள். மேலே உள்ள துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் புகையாகி, மூச்சில் போனால் காய்ச்சலே வரும். வெல்டிங்கையும் கெடுக்கும். தடிமன் சரியான ஸ்டீல் குழாய் வாங்குங்கள். முதலில் துண்டுக் குழாய்களை வெல்டு செய்து, வைஸில் வைத்துச் சம்மட்டியால் அடித்து உடையுங்கள். குழாய் வளைந்தால் சரி. வெல்டு பிய்த்துக்கொண்டு வந்தால், வெல்டர் அண்ணனோடு உட்கார்ந்து கரண்டை மாற்றித் திரும்பச் செய்யுங்கள்.

8. ரோட்டுக்கு வரலாமா?

வரக் கூடாது. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் விதி 126-படி, ஒரு வண்டி மாடல் ரோட்டுக்கு வர அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் தேற வேண்டும். நம்ம மாநிலத்தில் ஒரகடத்திலேயே அப்படி ஒரு மையம் இருக்கிறது. கொட்டகையில் கட்டிய ஒற்றை வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஏற்கனவே பதிவான வண்டியை மாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தின் பிரிவு 182ஏ-படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

2021 டிசம்பரில் மஹாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் பழைய உதிரிப் பாகங்களை வைத்து ஒரு குட்டி ஜீப் கட்டினார். பைக் மாதிரி கிக்கர் அடித்து ஸ்டார்ட் பண்ணும் வண்டி. வீடியோ நாடெங்கும் சுற்றியது. ஆனந்த் மஹிந்திரா அவரைப் பாராட்டினார். கூடவே, விதிகளுக்கு உட்படாத வண்டி என்பதால் அதிகாரிகள் என்றாவது நிறுத்திவிடுவார்கள், அதனால் அதை எனக்குக் கொடுங்கள், பதிலுக்கு ஒரு பொலேரோ தருகிறேன் என்றார். அடுத்த மாதமே கொடுத்தார். நமக்கெல்லாம் பொலேரோ வராது. போலீஸ்தான் வரும்.

ஆக, இந்த வண்டி ஓடவேண்டியது சொந்தக் காட்டில், அனுமதி உள்ள டிராக்கில், போட்டியில். அங்கே கொண்டுபோவது வேறு வண்டியில் ஏற்றி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-படி குற்றம். அதேபோல, மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கியதும் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய தேவாலயமும் வெளியே தெரியும்போது, அந்தப் பரந்த தரையைப் பார்த்தால் கை பரபரக்கும். அந்த நீர்ப்பரப்பு நிலத்தில் விவசாயம் செய்கிறார்கள். நம்ம டயர் ஒரு தடவை போனால் ஒருத்தரின் ஒரு போகம் போச்சு.

9. எந்த வரிசையில் கட்டுவது

ஒன்று, எங்கே ஓட்டப்போகிறோம் என்று எழுதுங்கள். சேறா, மணலா, பாறையா? இரண்டு, அதற்கேற்ற டயர். மூன்று, அந்த டயருக்கு ஏற்ற ஆக்ஸிலும் பிரேக்கும். நான்கு, கிராவ்ல் ரேஷியோ. ஐந்து, எடையைக் குறைப்பதும் ஈர்ப்பு மையத்தைக் கீழே வைப்பதும். ஆறு, கூண்டு, சீட் பெல்ட், எஞ்சினை உடனே நிறுத்தும் சுவிட்ச், தீயணைப்பான். ஏழாவதாக எஞ்சின். அதுவும் நல்ல நிலையில் இருக்கும் பழைய எஞ்சினே பெரும்பாலும் போதும் என்று இந்தக் கணக்குகளே சொல்லும்.

பணம் இல்லையா? ஆறு வரைக்கும் பேப்பரில் செய்யக் காசு வேண்டாம். பாஜா டீமில் சேருங்கள். நம்ம காலேஜில் டீம் இல்லையென்றால் அஞ்சு பேர் சேர்ந்து ஆரம்பியுங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக ஒரு ஆக்ஸிலை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டு, பட்டறையில் உடைந்து கிடக்கும் ஷாஃப்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே அது நல்ல ப்ராஜெக்ட்.

வீட்டுப்பாடம்

அ) உங்கள் வீட்டு வண்டி, அல்லது பக்கத்துக் காட்டு டிராக்டர், எதுவானாலும் சரி. அதன் கியர் ரேஷியோக்களைத் தேடிப்பிடித்து கிராவ்ல் ரேஷியோ கண்டுபிடியுங்கள். 800 ஆர்.பி.எம்.மில் அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்? வில்லிஸ் ஜீப்புக்கு 4.2 வரும். உங்கள் வழிமுறை சரியா என்று முதலில் அதை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆ) அதே வண்டி ஈர மண்ணில், பிடிப்புக் கெழு 0.3 என்றால், நாலு சக்கரமும் சுற்றினால் எத்தனை டிகிரி மேடு வரை ஏறும்? பின் சக்கரம் ரெண்டு மட்டும் சுற்றி, அவற்றின் மேல் பாதி எடை இருந்தால் எத்தனை டிகிரி? உருள் தடையை விட்டுவிடலாம்.

இ) இரண்டு விடையிலும் எஞ்சின் ஹெச்.பி. எத்தனை தடவை தேவைப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்த பிறகு, அந்தப் பெரிய டீசல் எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.